வானத்துக்குக் கணக்கு வைத்தவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளி ஆசிரியராக வாழ்ந்து மறைந்த ஒருவரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்தியது இந்த அறக்கட்டளை. இயற்கையைப் பற்றி, எல்லோருக்கும் விளங்கும்படி, ஆண்டுக்கு ஒரு பேச்சு வேண்டும் என்பது அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை. எரிமீன்களையும் வால்மீன்களையும் தொழிலாகக் கொள்ளாமல், ஆசையினால் மட்டுமே கவனித்து வந்தவர்களைப் பற்றிப் பேச எனக்கு நெடுநாள் விருப்பம். அதற்கு இந்த மேடையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

புறநானூற்றின் 229ஆம் பாட்டை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். கூடலூர் கிழார் பாடியது. வானத்திலிருந்து ஒரு மீன் விழுகிறது. ஏழாம் நாளில் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். நிமித்தம் பார்க்கும் பழக்கத்துக்குச் சான்று என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். என்னைப் பிடித்து நிறுத்துவது அதன் முற்பகுதி. பங்குனி மாதத்தின் முற்பாதி, நள்ளிருள். உச்சியில் நின்ற உத்தரம் சாய்கிறது, அதற்கு எட்டாவதான மூலம் எழுகிறது, மிருகசீரிடம் இறங்குகிறது. இது பழைய உரைகாரர் தரும் விளக்கம். விழுந்த மீன் கிழக்கிலும் போகவில்லை, வடக்கிலும் போகவில்லை. தீயைப் பரப்பிக்கொண்டு, காற்றில் கிளர்ந்து விழுந்தது.

ஒரு நட்சத்திரப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதைச் சரிபார்க்கலாம். பங்குனி நள்ளிரவில் அந்த மூன்று நட்சத்திரங்களும் அப்படித்தான் நிற்கின்றன. பெரிய எரிமீன் ஒன்றைப் பார்த்தவரிடம் இன்றைக்கு சர்வதேச எரிமீன் அமைப்பு என்ன கேட்கிறது? எந்த நாள், எத்தனை மணி, எந்தத் திசையில் தொடங்கி எங்கே முடிந்தது, எவ்வளவு வெளிச்சம், சிதறியதா, சத்தம் வந்ததா? கடிகாரம் இல்லாத காலத்தில் கூடலூர் கிழார் நட்சத்திரங்களையே கடிகாரமாக்கி, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை எழுதிவைத்துவிட்டார். அரசனுக்கு என்ன ஆகுமோ என்று அவர் அஞ்சியது அவர் காலத்து நம்பிக்கை. அந்த அச்சத்துக்கு நடுவிலும் கண் தவறாமல் பார்த்தாரே, அதைத்தான் நான் போற்றுகிறேன்.

இன்று நான் சொல்ல வந்ததும் இதுதான். வானத்தைப் பார்ப்பது எல்லோருக்கும் வாய்க்கிறது. பார்த்ததை, முன்பின் தெரியாத ஒருவர் பிற்காலத்தில் எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதிவைப்பவர்கள் சிலர்தான். எரிமீன் பற்றிய அறிவில் பெரும்பகுதி அந்தச் சிலர் தந்தது.

1798-இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பென்சன்பெர்க், பிராண்டஸ் என்று இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். எரிமீன் எவ்வளவு உயரத்தில் எரிகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. இருவரும் சில மைல் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, ஒரே வானத்தைப் பார்த்து, ஒவ்வொரு எரிமீனும் எந்த நட்சத்திரத்தின் பக்கமாகப் போனது, எத்தனை மணிக்குப் போனது என்று குறித்தார்கள். மொத்தம் 402 குறிப்புகள். அவற்றில் 22 மட்டுமே இருவரும் ஒருங்கே பார்த்தவை. அந்த 22 போதுமாக இருந்தது. ஒருவருக்கு ஒரு நட்சத்திரத்தின் அருகிலும் மற்றவருக்கு வேறொன்றின் அருகிலும் தெரிந்தால், அந்தக் கோண வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் என்று வந்தது. இன்றைய ரேடாரும் கேமராவும் சொல்வதும் அதைத்தான். அவர்கள் கையில் இருந்தவை நோட்டும் கடிகாரமும் மட்டுமே.

1833 நவம்பர் 13 விடியற்காலையில் வட அமெரிக்காவின் மேல் எரிமீன் மழை கொட்டியது. யேல் கல்லூரிப் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட், பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்ததை எழுதி அனுப்புங்கள் என்று பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றை அடுக்கி வைத்துப் பார்த்தபோது, எல்லா எரிமீன்களும் சிம்ம மண்டலத்தில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பியதாகத் தெரிந்தது. இரவு நகர நகர அந்தப் புள்ளியும் நட்சத்திரங்களோடு சேர்ந்தே நகர்ந்தது. அப்படியென்றால் இவை நம் காற்றில் பிறப்பவை அல்ல. வெளியிலிருந்து, இணையான பாதைகளில் வருபவை. இந்த அறிவைத் தந்த கடிதங்களை எழுதியவர்களில் மிகப் பலருடைய பெயர்கள் இன்று யாருக்கும் தெரியாது.

அடுத்து நான் சொல்லப்போவது நம் சென்னையைத் தொடும் கதை. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

வில்ஹெல்ம் பீலா ஆஸ்திரிய ராணுவத்தில் அதிகாரி. வானம் அவருக்குத் தொழில் அல்ல. 1826-இல் அவர் ஒரு வால்மீனைக் கண்டார். ஆறரை ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் அது சூரியனை ஒருமுறை சுற்றி வந்தது. பீலாவின் பெயரே அதற்கு நிலைத்தது. 1846 தொடக்கத்தில் அது இரண்டாகப் பிரிந்திருப்பதைப் பார்த்தார்கள். 1852-இல் இரண்டு துண்டுகளும் சேர்ந்தே வந்தன. அதன்பின் வரவேயில்லை. கணக்குப்படி வரவேண்டிய காலங்களில் தேடியும் கிடைக்கவில்லை.

1872 நவம்பர் 27 இரவு, பூமி அந்த வால்மீனின் பாதையைக் கடக்கும் இடத்துக்கு வந்தபோது, ஐரோப்பாவின் வானில் ஆயிரக்கணக்கில் எரிமீன்கள் விழுந்தன. காணாமல்போன வால்மீனின் தூள்தான் எரிந்தது. கெட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. பூமியை உரசிக்கொண்டு போயிருந்தால், வால்மீன் இப்போது தெற்கு வானத்தில், சென்டாரஸ் மண்டலத்தின் பக்கம் தெரிய வேண்டும். ஜெர்மனியிலிருந்து அந்தப் பகுதியைப் பார்க்க முடியாது. எங்கிருந்து முடியும்? சென்னையிலிருந்து முடியும். நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்தில் இருந்த நார்மன் பாக்சனுக்குத் தந்தி பறந்தது: பீலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி அருகே தேடுங்கள் என்ற பொருளில்.

அது கார்த்திகை மாதம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை வானம் எப்படி இருக்கும் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேகம் விலகிய இடைவெளியில் பாக்சன் தேடினார். டிசம்பர் தொடக்கத்தில், விடியலுக்கு முன் ஒரு வால்மீனைக் கண்டார். அடுத்த நாளும் கண்டு இடத்தை அளந்தார். மூன்றாவது அளவு கிடைக்கவில்லை. ஒரு வால்மீனின் பாதையைக் கணக்கிட மூன்று இடக்குறிப்புகளாவது வேண்டும். இரண்டை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது பீலாவாக இருக்க முடியாது என்றுதான் பின்னால் கணக்கிட்டவர்கள் முடிவு செய்தார்கள். தேடச்சொன்ன இடத்தில், தேடியதற்குத் தொடர்பே இல்லாத வேறொரு வால்மீன் வந்து நின்றிருக்கிறது. அதன்பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

பாக்சன் சம்பளம் வாங்கிய வானியலாளர், ஆர்வலர் அல்ல. இருந்தாலும் இந்தக் கதையை நான் விடமாட்டேன். இன்னொரு தெளிவான விடியல் கிடைத்து இன்னொரு வரி எழுதப்பட்டிருந்தால், அந்த வால்மீனுக்கு இன்று ஒரு பாதை இருந்திருக்கும். அன்று இதே ஊரில், இல்லை திருச்சியிலோ நெல்லையிலோ, மேகம் விலகிய நேரத்தில் சிறு தொலைநோக்கியோடு விழித்திருந்த வேறொருவர் இருந்திருந்தால்? ஆர்வலர்கள் பல ஊர்களில் பரவியிருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் என்னிடம் இல்லை. ஓர் ஆய்வகத்துக்கு ஒரு வானம்தான். நூறு மொட்டை மாடிகளுக்கு நூறு வானம்.

பாக்சனுக்கு நாம் வேறொன்றும் கடன்பட்டிருக்கிறோம். ஐந்து பிரகாச அளவுகளின் வித்தியாசம் நூறு மடங்கு ஒளி என்று 1856-இல் அளவுகோலை ஒழுங்குபடுத்தியவர் அவர். எரிமீன் பார்க்கிறவர்கள் நோட்டில் எழுதும் 2, 3, 5.5 எல்லாம் அந்த அளவுகோலின் எண்கள்தான்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ராதா கோவிந்த சந்திரா. இன்றைய வங்காள தேசத்தில் உள்ள ஜெசூரில் 1878-இல் பிறந்தார். நுழைவுத் தேர்வில் தேறாதவர். ஜெசூர் கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்து எண்ணும் வேலை. 1910-இல் ஹாலி வால்மீன் வந்தது. அதைப் பார்த்தவர் வானத்தோடேயே ஒன்றிவிட்டார். இரண்டு ஆண்டுகளில் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். 1918 ஜூனில் அக்விலா மண்டலத்தில், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு நட்சத்திரம் பளிச்சென்று நிற்பதைத் தாமாகவே கண்டுகொண்டார். அது அந்த ஆண்டின் புகழ்பெற்ற நோவா. ஹார்வர்டுக்கு எழுதினார். அந்தத் தொடர்பு அவரை அமெரிக்க மாறுவிண்மீன் கவனிப்போர் சங்கத்தில் கொண்டு சேர்த்தது. 1911-இல் வில்லியம் டைலர் ஆல்காட் என்ற வழக்கறிஞர் தொடங்கிய சங்கம் அது.

பகலெல்லாம் கருவூலத்தில் நாணயம், இரவில் நட்சத்திரம். ஒளி மாறும் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்றையும் சற்று மங்கலான ஒன்றையும் தேர்ந்து, இரண்டுக்கும் நடுவே அது எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். 8.3 என்று தோன்றினால் 8.3. நேற்று 8.1 என்று எழுதியது நினைவுக்கு வந்து கையைப் பிடிக்கும். அதை உதறிவிட்டு இன்று கண் சொல்வதை மட்டும் எழுத வேண்டும். இந்த நேர்மையோடு 1954 வரை அவர் அனுப்பிய மதிப்பீடுகள் 37,000-க்கு மேல். அவை இன்றும் அந்தச் சங்கத்தின் ஆவணத்தில் இருக்கின்றன. நீண்ட காலம் எடுத்து மாறும் ஒரு நட்சத்திரத்தின் வரைபடத்தை இன்று போடுகிறவர், ஜெசூரின் இரவுகளையும் சேர்த்துத்தான் போடுகிறார்.

அவருடைய உழைப்பைப் பார்த்து, சங்கத்தின் உறுப்பினரான சார்லஸ் எல்மருடைய ஆறு அங்குலத் தொலைநோக்கியை 1926-இல் அமெரிக்காவிலிருந்து அவருக்கு அனுப்பினார்கள். சந்திராவின் கண் தளர்ந்த பிறகு அது வானியலாளர் வைணு பாப்புவிடம் வந்தது. சென்னையில் பிறந்த பாப்புவும் மாணவப் பருவத்தில் ஆர்வலராக மாறுவிண்மீன் பார்த்தவர்தான். 1949-இல் ஹார்வர்டில் படிக்கும்போது ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். பாப்பு–பாக்–நியூகர்க் என்பது அதன் பெயர். பின்னாளில் ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகத்தை உருவாக்கினார். அந்த ஆறு அங்குலத் தொலைநோக்கியும் கடைசியில் காவலூருக்கே வந்து சேர்ந்தது. காவலூருக்குப் போகிற மாணவர்கள் அங்குள்ள 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியைப் பார்த்து வியக்கிறார்கள், வியக்கத்தான் வேண்டும். ஜெசூர்க் கருவூல ஊழியர் கண் வைத்த கருவி எங்கே என்றும் கேளுங்கள் என்று நான் அவர்களிடம் சொல்வதுண்டு.

இன்னோர் ஆர்வலர், இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஆல்காக், ஐந்து வால்மீன்களையும் ஐந்து நோவாக்களையும் கண்டவர். பல்லாயிரம் நட்சத்திரங்களின் அமைப்பை மனப்பாடமாக வைத்திருந்தார். புதிதாக ஒன்று முளைத்தால் படமே இல்லாமல் தெரிந்துவிடும். 1983-இல் கண்ட வால்மீனை அவர் தம் வீட்டுக்குள்ளிருந்து, மூடிய கண்ணாடிச் சன்னல் வழியாக, பைனாகுலரில் பார்த்தார்.

இனி, செய்முறை. இதற்கு நான் அதிக நேரம் கேட்கிறேன், ஏனென்றால் மாணவர்கள் வந்திருக்கிறீர்கள்.

எரிமீன் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், அது இடைஞ்சல். பாய், ஜமுக்காளம், பனிக்குக் குல்லா, கொசுவர்த்தி, நேரம் சரியாக வைத்த கடிகாரம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொள்ளுங்கள். கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள்; அதன் வெளிச்சம் ஒருமுறை கண்ணில் பட்டால், இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு மறுபடி அரைமணி ஆகும். படுத்துக்கொண்டு வானத்தின் பாதி உயரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு எரிமீனுக்கும் ஒரு வரி. மே மாதத்து ஈட்டா அக்வாரிட் எரிமீன் கூட்டத்தைப் பார்க்கும் இரவில் என் நோட்டில் வரிகள் இப்படி இருக்கும்: 3.42, ஈட்டா அக்வாரிட், பிரகாசம் 2, வேகம், தடம் மூன்று வினாடி. 3.50 முதல் 3.58 வரை கால் வானம் மேகம். 4.06, கூட்டத்தில் சேராதது, 4, மெதுவாக.

நடுவில் வந்ததே, மேகத்தைப் பற்றிய வரி, அதை எழுதப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமான வரி. எத்தனை பார்த்தோம் என்ற எண்ணுக்குத் தனியாக மதிப்பு இல்லை. எவ்வளவு வானத்தை, எவ்வளவு நேரம், எவ்வளவு இருட்டில் பார்த்தோம் என்பது அதோடு சேர வேண்டும். ஆகஸ்டு வந்தால் செய்தித்தாளில் ‘பெர்சிட் எரிமீன்கள் மணிக்கு 100’ என்று போடுகிறார்கள். குழந்தைகளோடு மாடிக்குப் போகிறவர்கள் நாலைந்தைப் பார்த்துவிட்டு ஏமாந்து இறங்குகிறார்கள். அந்த 100 பொய் அல்ல. அவை புறப்படும் புள்ளி தலைக்கு நேர்மேலே நின்று, 6.5 என்ற மங்கலான பிரகாசம் வரை நட்சத்திரம் தெரியும் முழு இருட்டும் இருந்தால் கிடைக்கும் எண் அது. நம் ஊர்களில் அந்தப் புள்ளி விடியலுக்குச் சற்று முன்னர்தான் சுமார் 43 பாகை உயரம் ஏறுகிறது. அந்தக் கணக்கிலேயே 100 என்பது 68 ஆகிறது. ஊர் விளக்குகளால் 5ஆம் பிரகாசம் வரைதான் தெரிகிறது என்றால் இருபது சொச்சம். பெருநகர நடுவில் 4 வரைதான் தெரியும் என்றால் ஒன்பது, பத்து. ஆகவே உங்கள் வானத்தில் எந்த நட்சத்திரம் வரை தெரிகிறது என்பதை ஒவ்வொரு மணியும் குறியுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால் நீங்கள் பார்த்த பத்தை, வேறொரு நாட்டில் ஒருவர் பார்த்த நாற்பதோடு சேர்த்துக் கணக்கிடலாம். எதுவுமே விழாத மணியையும் எழுதுங்கள். ஒரு கூட்டம் எந்த இரவில் ஓய்ந்தது என்பதை அந்த வெற்று மணிகளிலிருந்துதான் அறிகிறோம்.

பெர்சிடைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய புத்தகங்கள் நிறைய. நமக்கு வாய்த்தது வேறு. ஹாலி வால்மீன் விட்டுச்சென்ற தூள், மே முதல் வாரத்தில் ஈட்டா அக்வாரிட் எரிமீன்களாக விழுகிறது. நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகம்; நீண்ட தடம் விட்டுச் செல்பவை. புறப்படும் புள்ளி இரவு 2 மணி அளவில் கிழக்கே எழும். லண்டன்காரருக்கு அதற்குள் வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். நமக்கு நாலரை வரை இருட்டு. அதற்குள் அது நன்றாகவே மேலேறிவிடும். சித்திரை வானம் பெரும்பாலும் தெளிவு. டிசம்பர் 14-ஐ ஒட்டிவரும் ஜெமினிட்தான் எல்லாவற்றிலும் செழிப்பு, மணிக்கு 150 வரை போகக்கூடியது; பின்னிரவு 2 மணிக்கு அதன் புள்ளி நமக்கு ஏறக்குறைய உச்சி. ஆனால் அது கார்த்திகைக் கடைசி. பாக்சனிடமிருந்து வானத்தை மறைத்த அதே மேகம்.

கேமராக்களும் தானியங்கித் தொலைநோக்கிகளும் வந்த பிறகு மனிதக் கண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இப்போது பெரும்பாலான வால்மீன்களை முதலில் காண்பவை கணினியோடு இணைந்த பெரிய கருவிகள்தான். ஆனாலும் 2019 ஆகஸ்டில், வேறொரு சூரியனிடமிருந்து வந்த முதல் வால்மீனைக் கண்டவர், கிரீமியாவில் தாமே செய்த தொலைநோக்கியில் பார்த்த கெனாடி போரிசோவ். 2023 ஆகஸ்டில் ஜப்பானியர் ஹிடியோ நிஷிமுரா சாதாரண டிஜிட்டல் கேமராவில் ஒரு வால்மீனைப் பிடித்தார். விடியல் வெளிச்சத்தில், சூரியனுக்கு மிக அருகில் அது இருந்தது. பெரிய கருவிகள் பொதுவாகத் திரும்பாத மூலை அது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்த கல்லின் பாதையைக் கணக்கிட உதவியவை கார்களிலும் கட்டடங்களிலும் இருந்த கேமராக்கள். அவற்றின் படங்கள் பயன்பட்டதற்குக் காரணம், எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்கு எடுத்தது என்று உறுதிசெய்ய முடிந்ததுதான்.

நம்மிடம் வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘மர்ம ஒளி’ படங்களில் அந்த இரண்டும் இருப்பதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஒரு வினாடியில் மறைந்தால் எரிமீன். அரை நிமிடம் துண்டு துண்டாக ஊர்ந்தால் எரிந்து விழும் ராக்கெட் பாகம். கோர்த்த மணிபோல் வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். இவ்வளவு தெரிந்து, நேரமும் இடமும் திசையும் சேர்த்து அனுப்பினால் அந்தப் படம் ஆவணம் ஆகிவிடும்.

இருட்டில் விழித்திருப்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. விடியலுக்கு வெகுமுன் பாத்தியில் இறங்கும் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர், கடலில் வலை போட்டுக் காத்திருக்கும் மீனவர், தோட்டக் காவல்காரர். நம் எல்லோரையும்விட அதிக எரிமீன் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. ஓம்ஸ்டெட் 1833-இல் செய்ததை, ஒரு பள்ளி தன்னைச் சுற்றியுள்ள நாலு ஊர்களில் செய்ய முடியும். பெரிய எரிமீன் ஒன்று போன மறுநாள் காலை, மாணவர்கள் போய்க் கேட்கட்டும்: எங்கே நின்றிருந்தீர்கள், எந்தப் பனைக்கு மேல் பார்த்தீர்கள், எந்தக் கோபுரத்துக்குப் பின்னால் மறைந்தது? அதே இடத்தில் நின்று திசைகாட்டியால் அளந்து எழுதட்டும். இரண்டு ஊர்களிலிருந்து அளவு கிடைத்தால் உயரம் கிடைக்கும். கெட்டிங்கனில் அந்த இரண்டு மாணவர்கள் செய்த அதே கணக்குதான்.

அறக்கட்டளையாரிடம் இந்த யோசனையைச் சொன்னபோது, குறிப்பெழுதும் நோட்டுகளைத் தாங்களே அச்சடித்துத் தருவதாகச் சொன்னார்கள். வாசலில் உள்ள மேசையில் அவை இருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு இரவு. நாள், இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், தெரிந்த கடைசி நட்சத்திரம், மேகம் ஆகியவற்றுக்குக் கட்டம் போட்டிருக்கிறது. நிரம்பிய நோட்டுகளைக் கல்லூரி நூலகத்தில் கொடுத்தால் எண்ணிட்டு வைத்துக்கொள்ள நூலகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மே 5-ஆம் தேதி இரவு, விடிந்தால் 6, மூன்று மணிக்கு எழுந்து கிழக்குப் பார்த்துப் படுங்கள். முதல் பக்கத்தை அன்றே தொடங்கலாம். நோட்டு வாங்கும்போது உங்கள் ஊர்ப் பெயரையும் பதிந்துவிட்டுப் போங்கள். எந்தெந்த ஊருக்கு ஆள் இல்லை என்று நமக்குத் தெரிய வேண்டும்.